வெள்ளாடுகளுக்கு அனுமதி இல்லை

மே 3, சனி

காலை முழுக்க ஆடுகளுக்குக் குளம்பு வெட்டினேன். பிக்கிள் உதைத்ததில் முழங்கைக்கு மேலே கன்றிப்போய்விட்டது. வால்டோ என் சட்டைப் பையிலிருந்த உப்பு பிஸ்கட்டைக் காகிதத்தோடு தின்றுவிட்டான். மோசஸ் வழக்கம்போல நின்றபடியே தூங்கினான். கர்னல் மட்டும் தானாக வந்து காலைத் தூக்கிக் கொடுத்தான். ஒரு கால் முடிந்ததும் அடுத்த கால். நாலு பேரையும் குட்டியிலிருந்து வளர்த்தது நான்தான். இவன் மட்டும் எப்படி இப்படி வந்தான்?

டுவைன் டயர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். வேலியில் சாய்ந்துகொண்டு, "அக்கா, இந்த ஆட்டுக்கு நீ பண்ற சேவையில பாதி உன் தம்பிக்குப் பண்ணியிருந்தா நான் இந்நேரம் வயோமிங் கவர்னர்" என்றான்.

"காலைத் தூக்குடா, உனக்கும் வெட்டி விடுறேன்."

இடுப்பெலும்பு மாற்றியதிலிருந்து முதுகில் ஒன்றும் சுமக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. கூடாரம், அடுப்பு, தண்ணீர், படுக்கை எல்லாவற்றையும் இந்த நாலு கிடாய்கள்தான் சுமக்கின்றன. நான் கைத்தடியோடு பின்னால் போகிறேன். இவர்கள் இல்லையென்றால் எனக்கு மலை இல்லை. ஜன்னல்தான்.

சேணங்களுக்கு எண்ணெய் போட்டாயிற்று. சிநேகிதி ட்வைலாவிடம் பேசினேன். கார்னெட் மலைப் பூங்கா இருபத்து நாலாம் தேதி திறக்கிறது. மேலே பெல் ஏரியில் பனி கிடக்கும், கீழ்ப் புல்வெளி வரையாவது போய் வரலாம் என்றாள்.

மே 24, சனி

உள்ளே விடவில்லை.

பூங்கா வாசலில் டிரெய்லரை நிறுத்தி, கர்னலுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் பெண் ஓடி வந்தாள். புதியவள். "மேடம், மேடம், இறக்காதீங்க." நான் ஏதோ டயர் பஞ்சர் என்றுதான் நினைத்தேன். அவள் கையைக் காட்டிய பக்கம் பார்த்தால் புதுப் பலகை, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. வெள்ளாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் அனுமதி இல்லை.

பதினோரு வருடமாக வருகிறேன்! இந்தப் பாதையில் விழுந்து கிடந்த மரத்தை நானும் ட்வைலாவும் அறுத்துப் போட்டிருக்கிறோம்.

"குதிரை போகலாமா?"

"போகலாம், மேடம்."

"லாமா?"

"போகலாம்."

"நாய்?"

"கயிறு கட்டினா போகலாம்."

அந்தப் பெண்ணுக்கும் பாவம், கண் கலங்கிவிட்டது. ட்வைலாதான் கத்தினாள். நான் கர்னலின் சேணத்தை அவிழ்த்தேன். அவன் நகரவே இல்லை, பாதையைப் பார்த்தபடி நின்றான். இழுத்துத்தான் ஏற்றினேன். அவனை இழுத்து ஏற்றியது இதுதான் முதல் தடவை.

மே 25

சாப்பிடவில்லை. ஒட்டகக் கழுத்தோடு மூட்டை சுமக்கிற லாமாவுக்கு அனுமதி உண்டாம். லாமா!

மே 30, வெள்ளி

ட்வைலா வந்தாள். காரணம் விசாரித்துவிட்டாள். மேலே பாறைகளில் திரிகிற பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகள் நுரையீரல் காய்ச்சலில் சாகின்றனவாம். வீட்டு ஆடுகளின் மூக்கில் ஒரு கிருமி இருக்குமாம். ஆட்டுக்கு ஒன்றும் செய்யாது, காட்டுச் செம்மறிக்கு ஒட்டினால் குட்டிகள் பிழைக்காது. அதனால் தடை.

"நம்ம ஆடு ஒரு தடவையாவது தும்மிப் பாத்திருக்கியாடி?" என்றாள் ட்வைலா. "அதுங்க நம்மளவிட நல்லாத் திங்குது. வேட்டைக்காரனுங்க சங்கம் பண்ற வேலை இது. கொம்பு வேணும் அவனுங்களுக்கு, சுவத்துல மாட்ட."

தடையை எடுக்கச் சொல்லி இரண்டு பேரும் ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கினோம். டுவைன் கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை. கையெழுத்துப் போடாதவனுக்கு டயரில் காற்றடிக்க மாட்டேன் என்றானாம். கேலி பேசுகிற வாய்தான். இருந்தாலும் செய்கிறான்.

ஜூன் 12, வியாழன்

தீயணைப்பு நிலையக் கூடத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. பூங்கா மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் பேசியவள் இனெஸ் அராம்பிடே, பூங்காவில் காட்டுச் செம்மறிகளைக் கணக்கெடுத்து ஆராய்கிறவள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அப்பா ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் இனத்து ஆட்டுக்காரர், பெரிய செம்மறி மந்தை வைத்திருந்தவர். அந்த வீட்டுப் பெண்ணா ஆடு கூடாது என்கிறாள் என்று எனக்கு எரிச்சல்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டியவளுக்குக் கத்திப் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். "என் இடுப்புல இரும்பு இருக்கு. இந்த ஆடுங்கதான் என் கால். பொதுப் பூங்கான்னா நானும் அந்தப் பொதுவுல சேர்த்திதானே?" என்றேன். கைதட்டினார்கள். பின்வரிசையில் தாடிக்காரர் ஒருவர், வேட்டைக்காரர் சங்கத்துத் தலைவர், "உன் கால் தும்மினா என் செம்மறி சாவுதும்மா!" என்று கத்தினார். சிரிப்பு. எனக்குக் காது சுட்டது.

அப்போதுதான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை, என் வாயிலிருந்துதான் வந்தது. "சரி, டெஸ்ட் பண்ணுங்க. எங்க ஆடுங்க மூக்கை டெஸ்ட் பண்ணுங்க. கிருமி இல்லாத ஆட்டைக் கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போறோம். அப்ப என்ன சொல்வீங்க?"

தாடிக்காரர் விடவில்லை. "கிருமி இருந்தா நீங்க வந்து சொல்லவா போறீங்க?"

"நான் சொல்வேன்."

மேலாளர் இனெஸைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஆகஸ்டில் மறுபடி கூட்டம், அதற்குள் சோதனை முடிவோடு வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் ட்வைலா என்னைத் தூக்கிச் சுற்றாத குறை. ஜெயித்துவிட்டோம் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கால்நடை டாக்டர் ஸ்வென்சன் வந்து மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார். பிக்கிள் குச்சியைக் கடித்தான். வால்டோ டாக்டரின் தொப்பியைத் தின்னப் பார்த்தான். கர்னல் மூக்கை நீட்டிக் கொடுத்தான். "இவன் மாதிரி நோயாளி மனுஷங்கள்லகூட இல்லம்மா" என்றார் டாக்டர். ட்வைலாவின் மூன்று ஆடுகளுக்கும் எடுத்தாயிற்று.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார்.

ட்வைலாவின் ஆடுகளுக்கு இல்லை. மோசஸுக்கு இல்லை. பிக்கிளுக்கு இல்லை, வால்டோவுக்கு இல்லை.

கர்னலுக்கு இருக்கிறது.

தப்பாக இருக்கும் என்றேன். பேரை மாற்றி எழுதியிருப்பீர்கள் என்றேன். "மார்வா, நானே எழுதினேன்" என்றார். அவனுக்குச் சளியே பிடித்ததில்லையே என்றேன். பிடிக்காது, அவன் சுமக்கிறான், அவ்வளவுதான் என்றார். சுமக்கிறானாம். அவன் வேலையே அதுதானே? போனைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றிருக்கிறேன். டுவைன் வந்து கையிலிருந்து வாங்கி வைத்தான்.

ஜூலை 2

மறுபடி குச்சி எடுத்துக்கொண்டு போனார். முடிவு தெரியும் வரை கர்னலைத் தனியாகக் கட்டச் சொன்னார், மற்றவர்களுக்கு ஒட்டக் கூடாது. பழைய குதிரைக் கொட்டகையில் விட்டேன். கத்துகிறான். இவ்வளவு கத்துவான் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 8

மறுபடியும் அதே முடிவு.

ஜூலை 9, புதன்

ட்வைலாவிடம் சொன்னேன். என் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தாள். காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும்போல,

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கு. டுவைனுக்கு. உனக்கு."

"அப்ப நல்லதாப் போச்சு. டாக்டர் தானா வெளியில சொல்ல மாட்டாரு. உங்கிட்ட மூணு ஆடுன்னு சொல்லு. கர்னலை வித்துட்டேன்னு சொல்லு. செத்துட்டான்னுகூடச் சொல்லு."

விளையாடுகிறாளா என்று பார்த்தேன். இல்லை.

"நீ போய் அந்தக் கூட்டத்துல 'ஆமாங்க, இருக்கு'ன்னு நின்னேன்னா, அப்புறம் யாருக்குமே கதவு திறக்காதுடி. உனக்கு மட்டுமில்ல, எனக்கும். இந்த மாநிலத்துல ஆடு வச்சு மலை ஏறுற அத்தனை பேருக்கும். உன் ஒரு ஆட்டுக்காக."

இருபது வருட சிநேகிதி. என் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்தவள். அவள் வாயிலிருந்தா இது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி வேறு. நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே. பெல் ஏரி இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பூங்கா அலுவலகத்துக்குப் போய் இனெஸிடம், செத்துப்போகிற செம்மறிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பொய்யாக இருந்தால் என் மனசு லேசாகும் என்றுதான் போனேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வடக்குச் சரிவுக்குப் போனாள். தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, என்னைப் பார்க்கச் சொன்னாள்.

முதலில் பாறைதான் தெரிந்தது. பிறகு பாறை நகர்ந்தது. பெண் செம்மறிகள், ஏழெட்டு இருக்கும். கூட ஒரே ஒரு குட்டி. மேய்ந்துகொண்டே மேலே நகர்ந்தன. குட்டி பின்தங்கியது. காதுகள் தொங்க, கழுத்தை முன்னால் நீட்டி இருமியது. சத்தம் இவ்வளவு தூரம் வராது. உடம்பு முழுக்கக் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அப்படியே படுத்துவிட்டது. தாய் திரும்பி வந்து முகர்ந்து பார்த்தது, மந்தை பக்கம் நாலடி போனது, மறுபடி திரும்பி வந்தது. குட்டி எழவில்லை.

"பிடிச்சுக் கொண்டு வந்து மருந்து குடுக்கக் கூடாதா?"

"பாறை மேல துரத்தினா கூட இருக்கிறதும் விழுந்து சாகும். பிடிச்சாலும் பிழைக்காதுங்க. வசந்தத்துல பதினாலு குட்டி எண்ணினேன்."

"இப்ப?"

"பாத்தீங்களே."

வாய் தானாகத் திறந்தது. "இதைப் பண்ணது என் கர்னலா?"

அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஏன் கர்னலான்னு கேக்கறீங்க?"

அவ்வளவுதான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ட்வைலா சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்துப் பாறையில் போய் உட்கார்ந்தாள். "எங்கப்பா மந்தையிலயும் இருந்துச்சு. சொன்னப்ப நம்பவே இல்ல. எங்கிட்ட ஒரு வருஷம் பேசல" என்றாள். பிறகு, கிருமியிலும் வகை உண்டு, வெள்ளாட்டு வகை வேறு, செம்மறி வகை வேறு, செத்த குட்டிகளில் எந்த வகை என்று ஆய்வகத்தில் பார்க்கலாம், நீங்கள் சரி என்றால் கர்னலினுடையதோடு ஒப்பிடச் சொல்கிறேன் என்றாள்.

சரி என்றேன்.

"கூட்டத்துல நான் உங்களைப் பத்தி எதுவும் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது" என்றாள்.

ஜூலை 17

குதிரைக் கொட்டகைக்குப் போக முடியவில்லை. டுவைன்தான் அவனுக்குக் குதிரைமசால் புல் போட்டான். அவன் கண்ணை எப்படிப் பார்ப்பேன்? அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன தெரிந்தது? பதினோரு வருடம் அந்தச் சரிவுக்குக் கீழேதானே கூடாரம் போட்டோம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இனெஸ் வீட்டுக்கே வந்து சொன்னாள். செத்த குட்டிகளில் இருந்தது செம்மறி வகை. பல வருடம் முன்னால், அங்கே செம்மறி மந்தைகள் மேய்ந்த காலத்திலேயே வந்ததாக இருக்கும். கர்னல் இல்லை.

வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தோளில் கை வைத்து, "ஆனா அவன் மலைக்குப் போனா இன்னொரு வகையும் சேந்து போகும்" என்றாள்.

தெரியும் என்றேன். தெரிந்துதான் அழுகிறேன்.

ஆகஸ்ட் 13

நாளைக் கூட்டத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று ட்வைலாவிடம் போனில் சொன்னேன். "அப்ப எங்கூடப் பேசாதே" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ட்வைலா மூன்றாவது வரிசையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் என் பேரைக் கூப்பிட்டார். "ஏழு ஆட்டுல ஆறுக்கு இல்ல. ஒண்ணுக்கு இருக்கு. அது என்னுது. முன்னால நடக்குற ஆடு. மத்ததுங்க பாதை கத்துக்கிட்டதே அவங்கிட்டதான். அவனை இனிமே அந்த மலைக்குக் கூட்டிட்டு வர மாட்டேன். மத்த ஆறையும் விடுங்க" என்றேன்.

முடிந்தது, கதவை மூடிவிட்டேன், ட்வைலா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

பின்வரிசையில் அந்தத் தாடிக்காரர் எழுந்தார். அடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லா ஆட்டுக்கும் இல்லைன்னு வந்து சொல்லியிருந்தா, நான் ஒரு வார்த்தைகூட நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "இருக்குன்னு எவனும் தானா வந்து சொல்ல மாட்டான்னுதான் போன தடவை கத்தினேன். இந்தம்மா வந்து சொல்லிட்டாங்க. எங்க சங்கம் டெஸ்ட்டுக்குச் சம்மதிக்குது." உட்கார்ந்துவிட்டார்.

மேலாளர் ஏதோ சொன்னார், முடிவு குளிர்காலத்தில் என்றார், காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தபோது ட்வைலாவின் நாற்காலி காலி.

செப்டம்பர் 6, சனி

கர்னல் போய்விட்டான்.

இங்கே வைத்திருக்க வழியில்லை. மற்றவர்களோடு விட முடியாது, தனியாக விட்டால் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது. டாக்டர் ஸ்வென்சன்தான் தேடிப் பிடித்தார். ஐயோவா மாநிலத்தில் ஒரு தம்பதி, ஆட்டுப்பாலில் சோப்புச் செய்கிறவர்கள். அவர்கள் ஆடுகளுக்கு ஏற்கெனவே இதே கிருமி இருக்கிறது. சுற்றிலும் மக்காச்சோளக் காடு, காட்டுச் செம்மறி மருந்துக்கும் கிடையாது. நல்ல மனிதர்கள். அந்த அம்மா அவனுக்காக ஆப்பிள் நறுக்கிக் கொண்டு வந்திருந்தாள்.

டிரெய்லர் கதவைத் திறந்ததும் யாரும் இழுக்காமல் தானே ஏறினான். ஏறி, முதுகைக் காட்டி நின்றான். சேணம் போடுவேன் என்று.

மலைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

டுவைன் சட்டென்று கொட்டகைக்குள் போய்விட்டான். தேடிப் போனால், அந்தக் கட்டுமஸ்தான ஆள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறான். "பாழாப்போன ஆடு அக்கா, பாழாப்போன ஆடு" என்கிறான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 20

பனி. ட்வைலாவைக் கடையில் பார்த்தேன். மாவு அடுக்கியிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது! பாதி அனுமதி. மேற்குப் பாதை மட்டும், பெல் ஏரி வரை. வருடா வருடம் சோதனை. எப்போதும் கயிற்றில். காட்டுச் செம்மறி கண்ணில் பட்டால், எவ்வளவு தூரமானாலும், உடனே திரும்பிவிட வேண்டும்.

டுவைன் கேக் வாங்கி வந்தான். கொஞ்சம் சாப்பிட்டேன். ட்வைலாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 11, சனி

மலையிலிருந்து வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். இடுப்பு வலிக்கிறது, பரவாயில்லை.

வாசலில் போய் நிறுத்தினால் பக்கத்தில் ட்வைலாவின் டிரெய்லர். சொல்லிவைத்து வரவில்லை. வணக்கம்கூடச் சொல்லாமல் அவள் ஆடுகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் என்னுடையவற்றுக்குக் கட்டினேன். அதே ரேஞ்சர் பெண்தான். ஆறு ஆடுகளின் காதிலிருந்த சோதனைப் பட்டைகளையும் பார்த்து, "போங்க மேடம், வானம் நல்லாயிருக்கு" என்றாள். பாதை ஒன்றுதான். வேறு வழியில்லாமல் சேர்ந்தே நடந்தோம்.

மோசஸ் முன்னால் போக மாட்டேன் என்று ஒவ்வொரு வளைவிலும் நின்றான். முதல் ஓடையில் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டான். ட்வைலா தன் பெரிய ஆட்டைப் பேசாமல் முன்னால் கொண்டுவந்து தண்ணீரில் இறக்கினாள். பின்னாலேயே மோசஸும் இறங்கினான். அதற்குப் பிறகு அப்படியே போனோம், அவள் ஆடு முன்னால், என்னுடையவர்கள் பின்னால்.

கடைசி ஏற்றம். அதைத் தாண்டினால் ஏரி. தண்ணீர் வாசனையே வந்துவிட்டது. ஒரு வருடம், இரண்டு கூட்டம், கர்னல், எல்லாம் இந்த ஒரு மேட்டுக்காகத்தான்.

ட்வைலா நின்றாள். கையை மட்டும் மெல்லத் தூக்கினாள்.

மேட்டுக்கு மேலே, இடதுபக்கப் பாறையில், பெண் செம்மறிகள். நான் முதலில் தாய்களைத்தான் பார்த்தேன். பிறகு குட்டிகள். ஒன்றை ஒன்று முட்டி, பாறையிலிருந்து பாறைக்குத் தாவி, வழுக்கி, மறுபடி தாவி. நான் இருமலைத் தேடினேன். வெகுநேரம் தேடினேன். ஒன்றுகூட இருமவில்லை.

வெகு தூரம். காற்றும் எங்கள் பக்கம்தான் வீசியது. மேட்டில் ஏறி ஏரியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினால் யாருக்குத் தெரியும்? எனக்கு அப்படித் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ட்வைலாவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, தன் ஆடுகளைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இறங்கினோம். டிரெய்லரில் ஏற்றிக் கதவைச் சாத்தின பிறகு, முகத்தைப் பார்க்காமல்,

"அந்தச் சோப்புக்காரங்க ஏதாவது சொன்னாங்களாடி? நல்லாத் திங்கிறானாமா?" என்றாள்.

"குண்டாயிட்டானாம்."

தலையை ஆட்டினாள். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "அடுத்த சனிக்கிழமை சீக்கிரமா வா. வெயில் ஏறுறதுக்கு முன்னால கிளம்பணும்" என்றாள்.

வருகிறேன் என்றேன்.